ஈயம் இரண்டு

தமிழில் ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். கார் பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் தகடு காரீயம். முதலாவதில் சமைத்துச் சாப்பிடலாம். இரண்டாவது அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. பெயர் வைத்தவர்கள் நிறம் பார்த்துத் தெளிவாகத்தான் பிரித்து வைத்தார்கள். பேச்சில்தான் 'வெள்'ளும் 'கா'ரும் உதிர்ந்துபோய் வெறும் ஈயம் மிஞ்சியது. 'பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவி வந்தவரின் கூடையில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. ரேடியோ பழுது பார்ப்பவர்கள் சால்டர் கம்பியை 'லெட்' என்பார்கள். ஆங்கிலத்தில் அது காரீயத்தின் பெயர், ஆனால் கம்பியில் பாதிக்கு மேல் இருப்பது வெள்ளீயம்.

பழைய உலோகத்தைச் சேர்த்து உருக்கி வார்க்க ஆசைப்படும் எவருக்கும் இந்தப் பெயர்க் குழப்பம்தான் முதல் கண்டம்.

வார்ப்பு பழக வெள்ளீயத்தைப் போல் இணக்கமான உலோகம் வேறில்லை. அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085. வெள்ளீயத்துக்கு 232 போதும். வீட்டு கேஸ் அடுப்பும் இரும்புக் கரண்டியும் இருந்தால் உருக்கிவிடலாம். அப்படியானால் ஈயச் சொம்பு எப்படி அடுப்பில் தாக்குப்பிடிக்கிறது? உள்ளே இருக்கும் ரசம்தான் அதைக் காக்கிறது. சுவாலை தரும் சூட்டையெல்லாம் ரசம் வாங்கிக்கொண்டு 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சொம்பின் சுவரும் அதற்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. காலிச் சொம்பை ஏற்றினால் சில நிமிடத்தில் அடி இளகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு முறை அப்படித்தான் பர்னர் மேல் வெள்ளிக் குழம்பாக வழிந்தது. பாட்டி அதைச் சுரண்டிச் சேர்த்து ஒரு பழந்துணியில் முடிந்துவைத்தார். ஈயத்தை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள், ஒரு பொட்டும் வீணாகாது என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு. எத்தனை முறை உருக்கினாலும் வெள்ளீயம் வெள்ளீயமாகவே இருக்கும். மேலே படியும் ஆக்சைடு ஆடை மட்டும்தான் இழப்பு.

தனி வெள்ளீயம் மிக மென்மையானது. அதில் கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் சேர்த்து இறுக்கமாக்கினால் கிடைப்பது பியூட்டர். மலேசியாவின் ராயல் சிலாங்கூர் நிறுவனம் 1885 முதல் இந்த உலோகத்தில் குவளையும் தட்டும் செய்துவருகிறது. ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த மண் அது. மலேசியாவில் உறவு இருக்கும் தமிழ் வீடுகளின் கண்ணாடி அலமாரியில் இப்படியொரு குவளையைப் பார்க்கலாம். இன்றைய பியூட்டரில் காரீயம் சேர்ப்பதில்லை. ஆனால் ஐரோப்பாவின் பழைய பியூட்டர் பலவற்றில் காரீயம் கலந்திருக்கும்; பழம்பொருள் கடையில் கிடைப்பதை நம்பி அதில் குடிக்கக் கூடாது.

இனி சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலைக்கு வருவோம். நடுவில் ஒரகடம். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் லாரி என்று வண்டி ஆலைகள் வரிசையாக வந்த இடம். அங்கிருந்து பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் வண்டி வெளியேறும்போது அதனுள் ஒரு பேட்டரி இருக்கிறது. அந்த பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். அதே சாலையில் மேலே போனால் ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஆலைகள். அங்கு தயாராகும் போனிலும் சார்ஜரிலும் ஒவ்வொரு சில்லையும் பலகையோடு பிடித்துவைத்திருப்பது வெள்ளீயம். இரண்டு ஈயங்களும் ஒரே சாலையில் லாரி ஏறுகின்றன.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006இல். அதே ஆண்டு ஜூலை 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரோஸ்' விதி நடைமுறைக்கு வந்தது: மின்னணுப் பொருள்களில், சில விலக்குகள் நீங்கலாக, காரீயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுவரை உலகம் பயன்படுத்திய சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரியில் உருகும் அருமையான கலவை. அதன் இடத்தைப் பிடித்தவற்றுள் அதிகம் புழங்குவது 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு கொண்டது. உருகத் தொடங்குவது 217 டிகிரியில். சேர்மானத்தைப் பாருங்கள்: இது பியூட்டருக்கு நெருங்கிய உறவு. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2019இல் அந்த இடத்தைச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியது. ஆலைகள் கைமாறினாலும் காரீயம் இல்லாத சால்டர் நிலைத்துவிட்டது.

அந்த 0.1 சதவீதம் எவ்வளவு கடுமையானது என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். பலகையின் அடிப்பக்கத்தை உருகிய சால்டர் அலையில் தொட்டு எடுக்கும் இயந்திரத்தில் பெரிய தொட்டி இருக்கும். நூறு கிலோ சால்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் அனுமதிக்கப்படும் காரீயம் 100 கிராம். பழைய வகை சால்டர் கட்டி ஒன்று, வெறும் 270 கிராம், தவறி உள்ளே விழுந்தாலே அந்த எல்லை வந்துவிடும். காரீயம் உருகிய வெள்ளீயத்தில் முழுதாகக் கரைந்துவிடுவதால் கரண்டி போட்டு வழித்தெடுக்க முடியாது. தொட்டியின் மேல் படியும் கசடுக்கு ஆலையில் டிராஸ் என்று பெயர். பார்க்கச் சாம்பல் போல இருந்தாலும் அதற்குள் சிக்கியிருப்பதில் பெரும்பகுதி நல்ல உலோகம். அதை வழித்துத் தனி டப்பாவில் மூடி, மீட்டெடுக்கும் ஆலைக்கே அனுப்புகிறார்கள்.

அடுக்களைச் சொம்புக்கும் இதே கண்டிப்பு வேண்டும் என்பேன். புளியும் எலுமிச்சையும் காரீயத்தைக் கரைக்கும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய சொம்பு ஒன்று கைக்கு வந்தால் எப்படிச் சோதிப்பது? காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். காரீயம் பென்சில் போலக் கருங்கோடு இழுக்கும், வெள்ளீயம் அப்படி இழுக்காது. கம்பியாகவோ தகடாகவோ இருந்தால் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். நல்ல வெள்ளீயம் 'கறுக் கறுக்' என்று முனகும். உள்ளிருக்கும் படிகங்கள் திரும்பிப் படிவதால் வரும் ஒலி அது. முதல் முறை கேட்டபோது உடைத்துவிட்டேனோ என்று பயந்தேன். காரீயம் சத்தமே போடாது.

மூன்றாவது சோதனைக்குத் தராசும் அளவுக் குவளையும் வேண்டும். விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் சொம்பை முழுதாக அமிழ்த்தி, வழியும் நீரை அளக்க வேண்டும். 730 கிராம் சொம்பு வெள்ளீயமானால் 100 மில்லி வழியும், முழுக்கக் காரீயமானால் 64 மில்லிதான். நாற்பது சதவீதக் கலப்படம் 86 மில்லியில் மாட்டிக்கொள்ளும். ஆனால் பத்து சதவீதக் கலப்படத்தில் 96 மில்லி வரும். அந்த நான்கு மில்லி வித்தியாசம் வீட்டுக் கை நடுக்கத்திலேயே மறைந்துபோகும். சிறு கலப்படத்தை எக்ஸ் கதிர் கருவிதான் சொல்லும். நகைக் கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் இயந்திரம் அந்த வகை. பெரிய பழைய உலோகக் கிடங்குகளில் அதையே கைத்துப்பாக்கி வடிவில் வைத்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அந்த உலோகத்தைச் சமையலுக்குத் தராதீர்கள்.

பழைய சர்க்யூட் பலகையிலிருந்து சால்டரை வழித்து உருக்குவதும் வேண்டாம். அதில் எந்தக் காலத்து ஈயம் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் அந்த வேலையைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் விட்டிருக்கின்றன.

இனி வார்க்கலாம். கரண்டி, அச்சு, உலோகத் துண்டு மூன்றும் எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் நீராவியாகச் சீறினால் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் காற்றோட்டமும் கட்டாயம். பியூட்டர் போலவே தோன்றும் நினைவுக் கேடயங்கள் பலவும் துத்தநாகக் கலவை. அது ஏறக்குறைய 380 டிகிரிக்கு மேல்தான் உருகும். எனவே சூட்டை 300க்குள் வைத்தால் அந்தத் துண்டு கரையாமல் நிற்கும். உடனே இடுக்கியால் எடுத்துவிடுங்கள், நேரமானால் மெல்லக் கரைந்து உலோகத்தைக் கெடுக்கும். உருகிய பரப்பு வெள்ளியாக மின்னினால் சூடு சரி. மஞ்சளும் ஊதாவும் படர்ந்தால் அதிகம். மேலாடையை ஒதுக்கி, சற்றுச் சூடாக்கிய மாக்கல் அச்சில் நிற்காமல் ஒரே தாரையாக ஊற்றுங்கள்.

உறையும்போதும் ஒரு சோதனை இருக்கிறது. தனி வெள்ளீயம் 232 டிகிரியிலேயே முழுதாக இறுகும். காரீயம் கணிசமாகக் கலந்திருந்தால் 183 வரை கூழாகவே கிடக்கும்.

மிஞ்சியதைச் சிறு கட்டியாக ஊற்றி, ஆறியதும் ஆணியால் அதன் மேல் 'வெ' என்று கீறிவைக்கிறேன். பாட்டியின் முடிச்சிலிருந்து வந்த கட்டியிலும் அந்த எழுத்து இருக்கிறது.