மாற்றிய பிறகும் எரியும் மஞ்சள் லைட்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்து வருகிற விலையைக் கேட்டுவிட்டுப் பலர் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆகவே காரைதீவிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் கொரோலா 121, சன்னி என் 16, எஃப்.பி. 15 என்று இருபது வயது தாண்டிய கார்கள்தான் இன்னும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகின்றன. இந்த வயதுக் கார்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் லைட் எரியும். ஸ்கேன் போட்டால் ஒக்சிஜன் சென்சர் என்று வரும். மாற்றுவோம். இரண்டு கிழமையில் அதே லைட், அதே பெயர்.

"காக்கா, போன மாசம்தானே புதுசு போட்டம்?"

"ஸ்கேன்ல அதுதான் காட்டுது, சேர். நான் என்ன செய்ய?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஸ்கேன் கருவிக்குப் பழுதான சாமானின் பெயர் தெரியாது. காரின் கம்ப்யூட்டர் எந்த வயரில் வரும் செய்தியைச் சந்தேகிக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதை வைத்துச் சென்சரை மாற்றுவது, இரவில் நாய் குரைக்கிறதென்று நாயை மாற்றுவது மாதிரி. சில நேரம் நாய்க்குத்தான் வருத்தம் என்பதும் உண்டு. ஆனால் புதிய நாயும் குரைத்தால் வேலிப்பக்கம் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

சென்சர் செய்யும் வேலை சிறியது. புகைக்குழாயில் செருகியிருக்கும் அந்த விரலளவு சாமானின் உள்ளே சேர்க்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கத்து ஒட்சிசன் அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிவருகிறது. பெற்றோல் கூடிப்போனால் புகையில் ஒட்சிசன் மிஞ்சாது, 0.9 வோல்ட் அளவில் காட்டும். பெற்றோல் குறைந்தால் 0.1. ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறைக்கணக்கைச் சுற்றி என்ஜினை நிறுத்தி வைக்க, கம்ப்யூட்டர் இதைப் பார்த்துப் பார்த்து இன்ஜெக்டரைக் கூட்டிக் குறைக்கும். பொஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சர் முதலில் வந்தது 1976இல், வொல்வோ கார் ஒன்றில். பீங்கான் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் பேசத் தொடங்கும். சீக்கிரம் சூடாக்குவதற்குப் பின்னாளில் உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்தார்கள். பாதிப் பிரச்சினை அந்த ஹீட்டரோடு வந்து சேர்ந்தது.

திரும்பத் திரும்ப வரும் பழுதில் ஒரு வசதி இருக்கிறது: அது எப்போது திரும்புகிறது என்பதைக் கவனிக்கலாம். இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. லைட்டை அழித்துவிட்டு, காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே வருகிறதா? அப்படியானால் ஹீட்டர் சுற்றில் சந்தேகம் வையுங்கள். கம்ப்யூட்டர் அதைத்தான் முதலில் சோதிக்கும். ஸ்கேனில் வரும் கோட் பெரும்பாலும் பி 0135 அல்லது பி 0141 என்று இருக்கும். அக்கரைப்பற்றுக்கோ மட்டக்களப்புக்கோ நீளமாக ஓடிய பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறதா? அது கலவை பற்றிய முறைப்பாடாக இருக்கலாம், அல்லது சென்சர் மந்தமாகிவிட்டது என்ற பி 0133 ஆக இருக்கலாம். மழை பெய்தால் மட்டும் வருகிறதென்றால் சென்சரை மறந்துவிட்டு வயரைப் பாருங்கள்.

வயர்தான் நம் கரையோரத்தின் கதை. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கார் நிற்பது திறந்த முற்றத்தில். உப்புக்காற்று இரவு பகல் பார்ப்பதில்லை. மாரியில் மாவடிப்பள்ளிப் பக்கம் அம்பாறை வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது அதற்குள்ளாலேயே காரைக் கொண்டுபோனால், கொதிக்கிற சென்சரில் குளிர்ந்த நீர் அடித்துப் பீங்கான் வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும் கனெக்டருக்குள் ஈரம் போய் உட்கார்ந்துகொள்ளும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பித்தளை முனை பளபளவென்று இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், அல்லது ஒரு முனை மட்டும் உள்ளே பின்வாங்கியிருந்தால், எத்தனை புதிய சென்சர் போட்டாலும் லைட் வரும். சென்சர் பக்கத்துக் கனெக்டர் புதிதோடு சேர்ந்து வரும். கார் பக்கத்துக் கனெக்டர் இருபது வருடப் பழையதாகவே இருக்கும். மாற்றியும் திரும்புவதற்கு நான் முதலில் குற்றம் சொல்வது அதைத்தான்.

களிம்பைக் கண்டதும் டபிள்யூ.டி. 40 அடிக்கக் கை போகும். கார் பக்கத்து முனையை மின்முனைகளுக்கான கிளீனரால் துடைத்துக் காயவிடுவதில் பிழையில்லை. சென்சர் பக்கத்தில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். மேலே சொன்ன வெளிக்காற்று பல சென்சர்களுக்குள் போவது அந்த வயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான். அதை அடைத்தால் சென்சருக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் காற்று இல்லாமல் போய்ப் பொய் சொல்லும். ஈயம் வைத்து ஒட்டக்கூடாது, கிரிம்ப் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதனால்தான்.

ஹீட்டரைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நாலு வயர் சென்சரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டர் வயர்கள். கழற்றிய சென்சரில் அவற்றுக்கிடையே ஓம் பாருங்கள். சில ஓமிலிருந்து பதினைந்து ஓம் சொச்சம் வரை காருக்குக் கார் மாறும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. ஓம் சரியாக இருந்தால், என்ஜின் ஓடும்போது கார் பக்கத்துக் கனெக்டரில் பற்றரி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பியூஸ், ரிலே, நடுவழியில் உருகிய வயர். கியர்பொக்ஸ் இறக்கிய போதோ சைலன்சர் ஒட்டிய போதோ வயரை மறுபடி கிளிப்பில் மாட்டாமல் விட்டிருப்பார்கள். அது சூடான குழாயில் சாய்ந்து உருகியிருக்கும்.

நிறங்களில் இன்னொரு சிக்கல். டென்சோ சென்சரில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். பொஷ்ஷில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். 'எதுக்கும் பொருந்தும்' என்று விற்கும் சென்சரை வாங்கி, பழைய கனெக்டரை வெட்டி, நிறத்துக்கு நிறம் முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைவிட மோசம், எயார்-பியூவல் சென்சர் வேண்டிய டொயோட்டாவில் சாதாரண ஒக்சிஜன் சென்சரைப் போடுவது. புரி ஒன்றாகவே இருக்கும், 22 ஸ்பேனர் இரண்டுக்கும் பொருந்தும், பேசும் முறை முற்றிலும் வேறு. கடைக்குப் போகும்போது கழற்றிய சென்சரையும் கையில் கொண்டுபோய், அதில் பொறித்த இலக்கத்தைக் காட்டி வாங்குங்கள்.

வயர் சரி, சாமானும் சரி, இன்னும் பி 0171 மாதிரி 'பெற்றோல் குறைவு' என்று வருகிறதா? அப்போது சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு இடத்தில் கணக்கில் இல்லாத காற்று. சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்தால் புகை வெளியே வருவது மட்டுமல்ல, துடிப்புக்கு இடையில் வெளிக்காற்று உள்ளேயும் இழுபடும். மெனிபோல்ட் காஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிகிறதா, குளிர்ந்த ஸ்டார்ட்டில் 'சிக் சிக்' என்று கேட்கிறதா என்று பாருங்கள். இந்தப் பொய்க் காற்றை நம்பிக் கம்ப்யூட்டர் பெற்றோலை ஊற்றும். பிளக் கறுக்கும், லீற்றருக்கு ஓடும் தூரம் குறையும், வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன்னால் வரும் புகைச் சோதனையில் கார்பன் மொனொக்சைட்டு ஏறி நிற்கும்.

இன்னொரு வழி, காற்றை உள்ளே எடுக்கும் பக்கத்து ரப்பர் குழாய்கள். இருபது வருட வெயிலில் அவை வெடித்திருக்கும். இங்கேதான் ஸ்கேன் கருவிக்கு உண்மையான பயன். கோட்டைப் படித்ததும் அதைப் பெட்டிக்குள் வைக்கவிடாதீர்கள். 'பியூவல் ட்ரிம்' எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. பத்து வீதத்துக்குள் நின்றால் பெரிதாகக் கவலையில்லை. என்ஜின் சும்மா ஓடும்போது இருபது, இருபத்தைந்து என்று நின்று, 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால், இன்டேக் பக்கத்தில் காற்றுக் கசிவு. மாறாக, ஏற்றமும் வேகமும் கூடக் கூட எண்ணும் ஏறினால் பெற்றோல் பம்ப், பில்டர், காற்றை அளக்கும் சென்சர் என்று தேடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் சென்சர் விற்கிறவர்தான் அதிகம்.

புதிய சென்சரையே கொல்லும் என்ஜின்களும் உண்டு. ஓயில் குடிக்கும் என்ஜின், ஹெட் காஸ்கெட்டால் ரேடியேட்டர் தண்ணீர் கசியும் என்ஜின், சென்சருக்கு ஆகாத சிலிக்கன் பசை பூசி மூடிய என்ஜின். கழற்றிய சென்சரின் முனையைப் பாருங்கள்: வெள்ளைப் படிவு, பழுப்புச் சாம்பல், உலர்ந்த கரி என்று காரணம் அங்கேயே எழுதியிருக்கும். ஈயத்தை இனிக் குற்றம் சொல்ல முடியாது; இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இலேயே நின்றுவிட்டது.

பல கார்களில் இரண்டாவது சென்சர் ஒன்றும் உண்டு; அது புகையைச் சுத்தம் செய்யும் கன்வேட்டருக்குப் பின்னால் இருப்பது. அது கலவையை நடத்துவதைவிடக் கன்வேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கே இருக்கிறது. உள்ளே இருந்த பிளாட்டினம், பலேடியத்துக்காகக் கன்வேட்டரைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாய் போட்ட கார்கள் இருக்கின்றன. அந்தக் காரில் கன்வேட்டர் வேலை செய்யவில்லை என்ற பி 0420 அழியாது. சென்சரில் காசைக் கொட்ட வேண்டாம்.

ஸ்கேன் கருவியோடு பேசாத பழைய ஜப்பான் கார்கள் பல. மலிவான புளூடூத் கருவி 'இணைக்க முடியவில்லை' என்றால் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏ.ஈ. 110 வயதுக் கொரோலாக்களில் பொனெட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் டீ.ஈ. 1, ஈ. 1 என்ற இரு முனைகளை ஒரு வயரால் சேர்த்துச் சாவியைத் திருப்பினால், என்ஜின் லைட்டே மின்னிக் கணக்குச் சொல்லும். இரண்டு தடவை மின்னி, சற்று நின்று, ஒரு தடவை மின்னினால் 21: ஒக்சிஜன் சென்சர். 25 என்றால் பெற்றோல் குறைவு, 26 என்றால் கூடுதல். முனைகளை மாற்றிச் சேர்த்தால் வேறு செலவு வரும். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஒக்சிஜன் சென்சர் கோட்டுக்காக மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால் பயப்படத் தேவையில்லை. பெற்றோல் கொஞ்சம் கூடச் செலவாகும், வசதியான நாளில் பார்க்கலாம். அதே லைட் ஓடும்போது மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. பிளக் எரியாமல் பச்சைப் பெற்றோல் கன்வேட்டருக்குள் போகிறது, தொடர்ந்து ஓடினால் அது உருகிவிடலாம். காரை ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.