சந்தாவும் சுயமரியாதையும்



1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழ், தன் விலையையே பெயராகக் கொண்டது: ‘ஒரு பைசாத் தமிழன்’. பண்டிதரின் தொழில் சித்த மருத்துவம். இதழ் அவருடைய சமூகப் பணி. 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட ‘கேசரி’ மறுத்தது. கோலாப்பூர் சாகு மகாராஜ் 2,500 ரூபாய் தந்து உதவினார். ஆனாலும் 1923இல் அந்த இதழ் நின்றுபோனது. கொடை ஓர் இதழைத் தொடங்கி வைக்கும். தொடர்ந்து நடத்துவது சந்தா.

இன்று அச்சகமோ தாளோ இல்லாமலே ஒருவர் இதழ் நடத்தலாம். 2017இல் வந்த ‘சப்ஸ்டாக்’ போன்ற தளங்களில், எழுதுகிறவர் அனுப்பும் மடல் வாசகரின் மின்னஞ்சலுக்கே போகிறது. மாதம் 5 டாலர் வீதம் 500 பேர் கட்டினால் 2,500 டாலர். தளம் எடுத்துக்கொள்வது 10 விழுக்காடு, அதாவது 250 டாலர். அட்டைவழிப் பணம் பெறும் கட்டணம் தனி. வாசகர் முகவரிப் பட்டியல் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. நாளை தளம் மாறினாலும் அதை எடுத்துச் செல்லலாம். ஆசிரியரின் தயவும் விளம்பரதாரரின் முகச்சுளிப்பும் இங்கே குறுக்கே வராது.

ஆனால் 5 டாலர் நம் வாசகர் பலருக்கு ஒருநாள் கூலி. ஒரு பைசா விலை திறந்த கதவை இந்தச் சந்தா சாத்திவிடக் கூடாது. அதற்கும் வழி உண்டு: மடலை எல்லோருக்கும் இலவசமாக அனுப்பி, இயன்றவரிடம் மட்டும் சந்தா கேட்கலாம். இயன்றவர் கட்டும் சந்தா, இயலாதவரும் வாசிப்பதற்கான செலவு. நம் எழுத்தாளர் பிழைக்கவும் வேண்டும். நம் மக்கள் வாசிக்கவும் வேண்டும்.