தவிட்டில் ஒளிந்திருந்த மருந்து: புழுங்கல் அரிசியும் பெரிபெரியும்



வைட்டமின் பற்றிய பாடம் வந்தால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஓர் அட்டவணை போடுகிறோம். ஏ என்றால் கண், சி என்றால் ஈறு, டி என்றால் எலும்பு, பி1 என்றால் பெரிபெரி. மாணவர்கள் மனனம் செய்கிறார்கள்; தேர்வு முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். ஆனால் அந்தப் பி1 கண்டுபிடிக்கப்பட்ட கதையில் ஒரு பெரிய பங்கு நம் நாட்டில், அதிலும் கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் நடந்தது. அதற்கு முதல் துப்பு கொடுத்தது தோட்டத்துத் தமிழர்களின் சோற்றுப் பானை. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ராசா பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சொந்தக் கதை. அறிவியல் செயற்பாங்குத் திறன்களைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பெரிபெரி என்றால் என்ன?

முதலில் கால் மரத்துப் போகும். நடை தளரும். சிலருக்கு உடல் வற்றி நரம்புகள் செயல் இழக்கும். இது உலர் பெரிபெரி. சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்று போகும். இது ஈரப் பெரிபெரி. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இந்த நோய் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. கிருமியா, கெட்ட காற்றா, ஈர நிலமா என்று மருத்துவர்கள் குழம்பினார்கள். கிருமிதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று நம்பிய காலம் அது.

உற்றறிதல்: யாருக்கு வரவில்லை?

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்தவர் பிராடன். அவர் நோய் வந்தவர்களை மட்டும் பார்க்கவில்லை, வராதவர்களையும் பார்த்தார். சீனத் தொழிலாளர்களிடையே நோய் அதிகம். அதே ஊரில், அதே வெயில் மழையில் வேலை செய்த தமிழர்களிடையே மிகக் குறைவு. என்ன வேறுபாடு? சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

இங்கே ஒன்றை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லி விடுங்கள். இது இனத்தைப் பற்றிய செய்தி அல்ல. தமிழர் உடம்பில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. தட்டில் இருந்த அரிசிதான் வேறு.

பிராடன் 1907இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். ஆனால் அவர் சொன்ன விளக்கம் தவறு. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உருவாகிறது என்று நினைத்தார். உற்றறிதல் சரி, ஊகித்தல் தவறு. இரண்டும் வேறு வேறு என்பதை விளக்க இதுவே போதும்.

கோலாலம்பூரில் ஒரு சோதனை

1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் 219 நோயாளிகளில் 94 பேருக்குப் பெரிபெரி கண்டது. 27 பேர் இறந்தார்கள். அங்கிருந்த மருத்துவர் பிளெட்சர் அரிசிதான் காரணமா என்று பார்த்துவிட முடிவு செய்தார். நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மறு பக்கம். ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. மற்றபடி ஒரே மாதிரி உணவு.

இடம் காரணமாக இருக்குமோ என்ற ஐயமும் வந்தது. அதனால் 1906ஆம் ஆண்டின் நடுவில் இரு குழுக்களின் தங்கும் கட்டடங்களை மாற்றிப் போட்டார். இடம் மாறியது, நோய் மாறவில்லை. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களைத்தான் அது தொடர்ந்து பிடித்தது. முடிவில் வெள்ளை அரிசிக் குழுவில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் குழுவில் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. அங்கே நோய் இருந்த இருவருக்கும் மருத்துவமனைக்கு வரும்போதே அது இருந்தது.

அந்தப் 18 பேரைப் பற்றி வகுப்பில் ஒரு நிமிடம் பேசுங்கள். தங்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்து, சம்மதமோ மறுப்போ சொல்லக்கூடிய நிலையில் இல்லாதவர்கள் அவர்கள். இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. இதனால் கிடைத்த அறிவு பின்னால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை. இரண்டும் உண்மை.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் வந்தார்கள். நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 சாவகத் தொழிலாளர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். அதுவரை யாரும் குடியிருக்காத இடம். பழைய கிருமி என்று சொல்ல வழியில்லை. வெள்ளை அரிசிக் குழுவில் நோய் வந்தது, புழுங்கல் குழுவில் வரவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பக்கம் மாறியது. முடிவை 1909இல் வெளியிட்டார்கள்.

கோழி சொன்ன சாட்சி

மனிதரை வைத்து மேலும் சோதிக்க முடியாது. அதனால் ஆய்வு கோழிக்கு வந்தது. இதற்கு வழி காட்டியவர் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பணி செய்த டச்சு மருத்துவர் எய்க்மன். ஆய்வுக்கூடக் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டு வந்தார்கள். கோழிகளுக்குக் கால் தளர்ந்து, கழுத்து பின்னால் வளைந்தது. பிறகு வந்த சமையல்காரர், இராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பழையபடி தவிடு நீங்காத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன! எய்க்மனும் முதலில் வெள்ளை அரிசியில் நஞ்சு இருப்பதாகவே எண்ணினார். அவருக்குப் பின் வந்த கிரெய்ன்ஸ் 1901இல் வேறு மாதிரி சொன்னார்: கெட்டது ஒன்று சேரவில்லை, நல்லது ஒன்று குறைகிறது.

ஏன் கோழி? ஆட்டை வைத்துச் செய்திருந்தால் என்ன? இது நல்ல கேள்வி. ஆடு மாடுகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் இந்தச் சத்தைத் தாமே தயாரித்துக் கொடுத்துவிடும். அதனால் அவற்றின் தீவனத்தில் குறைந்தாலும் சுலபமாகத் தெரியாது. கோழிக்கும் நமக்கும் அந்த வசதி இல்லை. விலங்கு ஊட்டச்சத்து ஆய்வில் சரியான விலங்கைத் தேர்ந்தெடுப்பதே பாதி வெற்றி.

பாஸ்பரஸ் ஓர் அடையாளம்

பிரேசரும் ஸ்டான்டனும் தவிட்டைச் சாராயத்தில் ஊற வைத்து வடித்தார்கள். அந்தச் சாறு கோழிகளைக் காத்தது. ஆக, அந்தப் பொருள் தவிட்டில் இருக்கிறது, கரைந்தும் வருகிறது. ஆனால் அது என்ன என்று தெரியாது. பெயர் தெரியாத பொருளை எப்படி அளப்பது?

இங்கேதான் கனிமம் உதவிக்கு வந்தது. அரிசியின் பாஸ்பரசில் பெரும்பங்கு தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பொட்டாசியம், மெக்னீசியத்தோடு கூடிய பைட்டேட் உப்பாக இருக்கிறது. தீட்டத் தீட்டத் தவிடு போகும்; தவிட்டோடு பாஸ்பரசும் போகும். ஆகவே பாஸ்பரசை அளந்தால் அரிசி எவ்வளவு தீட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில் 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்த அரிசி ஆபத்தானது என்று அவர்கள் ஒரு கோடு போட்டார்கள்.

கவனியுங்கள்: பாஸ்பரஸ் மருந்து அல்ல. அது ஓர் அடையாளம் மட்டுமே. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். ஆனால் புகை சோறு வேகவைக்காது. இரண்டு பொருள்கள் சேர்ந்தே கூடிக் குறைவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளில் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

பெயர் கிடைத்தது, வேலையும் தெரிந்தது

1912இல் லண்டனில் காசிமிர் பங்க் இப்படிப்பட்ட பொருள்களுக்கு 'வைட்டமின்' என்ற பெயரை உருவாக்கினார். 1926இல் பத்தாவியாவில் யான்சன், டோனத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தார்கள். 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்தார். இவர் பிறந்த ஊர் எது தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்! மூலக்கூறில் கந்தகம் இருப்பதால் அதற்குத் தயமின் என்று பெயர் வந்தது.

உடலுக்குள் தயமின் இரண்டு பாஸ்பேட் தொகுதிகளோடு சேர்ந்து தயமின் பைரோபாஸ்பேட் ஆகிறது. இது ஒரு துணைநொதி. மெக்னீசியம் அயனி ஒன்று இதை நொதியோடு பிணைத்து வைக்கிறது. சோறு செரித்துக் குளுக்கோஸ் ஆகிறது. குளுக்கோஸ் பிளந்து பைருவேட் ஆகிறது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆற்றலாக மாற வேண்டுமானால் இந்தத் துணைநொதி வேண்டும். இது இல்லாவிட்டால் கதவு பூட்டியே கிடக்கும். பைருவேட்டும் லாக்டிக் அமிலமும் தேங்கும். அதிக ஆற்றல் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் தவிக்கும். உலர் பெரிபெரியில் நரம்பும் ஈரப் பெரிபெரியில் இதயமும் ஏன் பாதிக்கப்படுகின்றன என்பது இப்போது புரிகிறதா?

இன்னொன்று. மாவுச்சத்து கூடக் கூடத் தயமின் தேவையும் கூடும். வெறும் வெள்ளைச் சோற்றையே வயிறு நிறையச் சாப்பிட்டவர்தான் அதிகம் பாதிக்கப்பட்டார். வயிறு நிறைந்தது, உடம்பு பட்டினி கிடந்தது.

புழுங்கல் ஏன் காத்தது?

நெல்லை உமியோடு ஊற வைக்கிறோம். தயமின் நீரில் கரையும். அதனால் தவிட்டிலிருந்து மணியின் உள்பக்கம் நகர்கிறது. பிறகு அவிக்கிறோம். வெப்பத்தில் மாவுச்சத்தின் படிக அமைப்பு குலைந்து பசைபோல் ஆகிறது; காய்ந்ததும் கெட்டிப்பட்டு மணி இறுகிவிடுகிறது. அதற்குப் பின் தீட்டினாலும் உள்ளே போன சத்து அவ்வளவாகப் போகாது. நம் பாட்டிமார்களுக்குத் தயமின் தெரியாது. நெல் உடையாமல் இருக்கவும் பூச்சி அரிக்காமல் இருக்கவும் புழுக்கினார்கள். உயிரும் சேர்ந்து தப்பியது.

இன்று நமக்கு என்ன?

இப்போது நம் வீடுகளிலும் வெள்ளை அரிசிதான். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் விளையும் நெல்லும் பெரும்பாலும் வெள்ளை அரிசியாகவே கடைக்கு வருகிறது. தவிடு கோழிக்கும் மாட்டுக்கும் போகிறது. வெறும் மாவு நமக்கு வருகிறது! ஆனாலும் முன்புபோல் பெரிபெரி இல்லை. காரணம், இப்போது பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி, கடலை எல்லாம் தட்டில் இருக்கின்றன. இவை இல்லாத தட்டுக்குத்தான் ஆபத்து. வயது வந்தவருக்கு நாளுக்குச் சுமார் 1.1 முதல் 1.2 மி.கி. தயமின் போதும். ஆனால் உடல் அதை நெடுநாள் சேமித்து வைக்காது. சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் சத்து தண்ணீரோடு போய்விடும். இரண்டு தரம் அலசினால் போதும். வடித்தால் கஞ்சியைப் பயன்படுத்துங்க.

மதுவுக்கு அடிமையானவர்களையும் மறக்கக் கூடாது. சம்சு எத்தனை தோட்டக் குடும்பங்களைச் சிதைத்தது என்று நமக்குத் தெரியும். மது, குடல் தயமினை உறிஞ்சுவதைக் குறைக்கிறது; குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. தடுமாற்றம், பார்வைக் குழப்பம், நினைவு மறதி வந்தால் 'போதை' என்று விட்டுவிடுகிறோம். அது மூளையைத் தாக்கும் தயமின் குறைபாடாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போனால் காப்பாற்ற முடியும். மாணவர்களே, இதை வீட்டில் சொல்லுங்கள்.

வகுப்பறைப் பயிற்சி

1. பிளெட்சர் சோதனையில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றைக் குறிப்பிடுக. (குறிப்பு: அரிசி வகை, நோய் கண்டவர் எண்ணிக்கை, மற்ற உணவு.)

2. கட்டடங்களை மாற்றியதால் எந்தக் கருதுகோள் தள்ளுபடி ஆனது? (குறிப்பு: நோய்க்குக் காரணம் இடம் என்பது.)

3. 'பாஸ்பரஸ் மாத்திரை பெரிபெரியைக் குணப்படுத்தும்.' இக்கூற்றை ஏற்கிறாயா? காரணம் கூறுக. (குறிப்பு: அடையாளம் வேறு, காரணம் வேறு.)

4. சம்மதம் பெறாமல் நடந்த சோதனையால் நன்மை விளைந்தால் அச்சோதனை நியாயம் ஆகுமா? உன் கருத்தை எழுதுக. (குறிப்பு: ஒரே விடை இல்லை; இரு பக்கமும் எடைபோட்டு எழுதியவருக்கே முழுப் புள்ளி.)

நான்காம் கேள்வியை எழுத்தில் விடுவதற்கு முன் ஒரு பாடவேளை வாய்மொழியாக விவாதிக்க விடுங்கள். பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் நமக்கே சில புதிய எண்ணங்கள் தோன்றும்.