கோடை வெயிலும் நம் கடை ஆட்களும்



கோடை வந்துவிட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? வெல்லம் இளகிவிடும் என்று உள்ளே தள்ளி வைக்கிறோம். எண்ணெய் டின்களை வெயில் படாத சுவரோரம் மாற்றுகிறோம். சரக்கின் மேல் இவ்வளவு கவனம் வைக்கும் நாம், அந்தச் சரக்கைத் தூக்கி இறக்கும் ஆளைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறோம்?

மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. நம்மிடம் நடந்த தவறைச் சொல்லவே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கத்திரி வெயில் நாள். குமணன்சாவடியில் உள்ள நமது கிடங்கு தகரக் கூரை போட்டது. பகல் 1 மணிக்குச் சர்க்கரை லோடு வந்தது. லாரி காத்திருந்தால் தனிப் பணம் கேட்பார்கள் என்று உடனே இறக்கச் சொன்னோம். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான பீகார் இளைஞர் ஒருவர், இருபது மூட்டை இறக்கியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினார். "வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று கல்லாவில் இருந்தபடியே சத்தம் போட்டோம். பத்து நிமிடம் கழித்து அவர் சுருண்டு விழுந்த பிறகுதான் எழுந்து ஓடினோம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பழைய ஆள் ஒருவர் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். 108 ஆம்புலன்ஸ் வந்தது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக்கொண்டார்.

"வெயிலில் இப்படி ஆகும் என்று அவரிடம் யாராவது சொன்னீர்களா?" என்று டாக்டர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. நமக்கே அது தெரியாது.

அதன் பிறகு தெரிந்துகொண்டு, நமது கிடங்கில் செய்து வருவதைக் கீழே தருகிறோம்.

முதலாவது, காலையில் கடை திறந்ததும் ஐந்து நிமிடப் பேச்சு. இன்று வெயில் எவ்வளவு என்று வானிலை மையம் சொல்லியிருக்கிறது, எந்த லோடு எப்போது வரும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுக்கொள்கிறோம். தலைசுற்றல், வாந்தி, கை கால் தசைப்பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வர வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐ அழைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இதை அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். இன்று மூட்டை தூக்குவோரில் பலர் வடமாநிலத்தவர். தமிழில் மட்டும் சொன்னால் சொல்லாததற்குச் சமம். இரண்டு மொழியும் தெரிந்த ஆளைக் கொண்டு சொல்ல வைக்கிறோம்.

இரண்டாவது, புது ஆளுக்கும் ஊருக்குப் போய்த் திரும்பிய ஆளுக்கும் முதல் நாளே முழு லோடு கொடுப்பதில்லை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் சில நாட்களில்தான் ஆபத்து அதிகம்.

மூன்றாவது, மூட்டைக் கணக்குக் கூலி. உட்கார்ந்தால் கூலி போய்விடும் என்று தலை சுற்றினாலும் ஆள் தூக்கிக்கொண்டே இருப்பார். "ஓய்வெடு" என்று வாயால் சொன்னால் போதாது. கோடையில் ஓய்வு நேரத்துக்கும் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கிறோம். பகல் 12 முதல் 3 வரை லோடு இறக்குவதில்லை. லாரிக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். சில நாள் காத்திருப்புப் பணம் கொடுக்க நேர்ந்தது உண்மைதான். மருத்துவமனைச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

நான்காவது, தண்ணீர். பானைத் தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவைப்பட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலை தட்டிய அளவு. நம் கடையில் இல்லாத பொருளா இது?

சட்டமும் இதில் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தருவது கட்டாயமாயிற்று. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் நிவாரணம் போன உயிரைத் திருப்பித் தராது.

நம் பக்கத்து வெயில் லேசானதல்ல. 2003 மே மாதக் கடைசியில் சென்னை நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது. தகரக் கூரைக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன அறிகுறிகளையும் முதலுதவியையும் தமிழிலும் இந்தியிலும் ஒரே தாளில் அச்சிட்டு, பங்குனி முடிவதற்குள் உறுப்பினர் கடைதோறும் ஒட்டச் செய்யலாம். செலவில் ஒரு பங்கை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.

அந்தப் பீகார் இளைஞர் மறு வருடமும் நம்மிடமே வேலைக்கு வந்தார். இன்று நமது கிடங்கில் காலையில் இந்தியில் எடுத்துச் சொல்பவர் அவர்தான்.