மூன்று கிளாரினெட், ஒரு வாய்

வில்பர் ஸ்வெட்மன் என்றால் ஜாஸ் ரசிகர்களிலேயே பலர் விழிப்பார்கள். ஆனால் 1923-இல் ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வாஷிங்டனிலிருந்து நியூயார்க் வந்ததே இந்த மனிதரின் குழுவில் பியானோ வாசிக்கத்தான்.

மிசௌரி மாநிலத்தில் 1882-இல் பிறந்த கறுப்பினக் கலைஞர். பிழைப்பு வாடெவில் மேடையில். ஒரே டிக்கெட்டில் பாட்டு, நகைச்சுவை, வித்தை, நாய் சாகசம் என்று வரிசையாக வந்துபோகும் நிகழ்ச்சி அது. ஒருவருக்குக் கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் கூட்டத்தை மடக்கிவிட வேண்டும். ஸ்வெட்மன் மூன்று கிளாரினெட்டுகளை ஒன்றாக வாயில் வைத்து ஊதினார். அதுவும் துள்ளல் பாட்டு இல்லை. 'தி ரோசரி' என்ற நிதானமான பாட்டை, மூன்று குரலும் இசைந்து வரும்படி. தப்பினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும் பாட்டு.

இப்படிப்பட்டவரின் தடத்தை எங்கே தேடுவது? 'இண்டியானாபொலிஸ் ஃப்ரீமன்' போன்ற கறுப்பின வார இதழ்களில். எந்த ஊர், எந்தக் கொட்டகை என்று கலைஞர்களே எழுதிப் போடுவார்கள். அலைந்துகொண்டிருந்தவர்களுக்குக் கடிதம் வந்துசேரும் முகவரியும் அந்த இதழ்தான். பழைய இதழ்களை வாரம் வாரமாகப் புரட்டினால் ஒருவரின் பயணமே கோத்து வந்துவிடும்.

அடுத்த தடயம் இசைத்தட்டு. தான் எழுதிய 'டவுன் ஹோம் ராக்'கை எமர்சன் கம்பெனிக்காக 1916 டிசம்பரில் பதிவுசெய்தார். ஜாஸின் முதல் தட்டு என்று புத்தகங்கள் கொண்டாடுவதோ 1917 பிப்ரவரியில் ஒரு வெள்ளையர் குழு வாசித்ததை. ஸ்வெட்மனுடையது ஜாஸுக்கு முந்திய ராக்டைம் பாணியா, ஜாஸா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் இரு தரப்புமே அவரைக் கைகழுவிவிட்டன. மூன்று கிளாரினெட்டும் சும்மா இருக்கவில்லை. சோறு போட்ட அந்த வித்தையே 'இவர் வெறும் வேடிக்கைக்காரர்' என்ற பேரையும் வாங்கிக் கொடுத்தது. 1918 முதல் கொலம்பியாவில் வெளியான தட்டுகள் நன்றாக விற்றும் அந்தப் பேர் மாறவில்லை.

ராக்டைம் மேதை ஸ்காட் ஜாப்ளினின் காகிதங்கள் கடைசியில் இவர் பொறுப்பில்தான் இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் கேட்டால் தாராளமாக எடுத்துக்காட்டுவார். 1961-இல் அவர் இறந்ததும் சொத்துத் தகராறு கிளம்பியது. அதில் அந்தக் காகிதங்கள் தொலைந்தன.