பார்கோடு எண்ணின் பதின்மூன்றாவது இலக்கம்

"அண்ணாச்சி, பிஸ்கட் வித்துக்கிட்டுதான் இருக்கு, கம்ப்யூட்டர்ல மைனஸ் காட்டுதே!" திருவேங்கடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இப்படிக் குறைப்பட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தோம். ஒரே பிஸ்கட் இரண்டு பதிவாக நின்றது. சரக்கு வந்த அன்று பையன் பார்கோடு எண்ணைக் கையால் அடித்ததில் 16 என்பது 61 ஆகிவிட்டது. பின்னர் ஸ்கேனர் 'அப்படிச் சரக்கு இல்லை' என்றதும் புதிதாக இன்னொரு பதிவு போட்டுவிட்டான். கொள்முதல் ஒன்றில், விற்பனை மற்றொன்றில்!

கம்ப்யூட்டர் ஏன் தடுக்கவில்லை? அதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது.

பாக்கெட்டில் உள்ள பதின்மூன்று இலக்கங்களில் கடைசி இலக்கம் காவலாள். இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 8901234567890 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களின் கூட்டல் 28. மற்றவை 34, மூன்று மடங்கு 102. மொத்தம் 130. எண் சரி.

ஏன் மூன்று, இரண்டு ஆகாதா? ஆகாது. 1-க்குப் பதில் 6 அடித்தால் வித்தியாசம் 5. இரண்டால் பெருக்க 10. பிழை தப்பிவிடும். மூன்றுக்கும் பத்துக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லை. ஆகவே எந்த இடத்தில் ஓர் இலக்கம் மாறினாலும் மாட்டிக்கொள்ளும்.

(இப்படி எண்களின் குணத்தை ஆராயும் துறையில் உலகப் பெயர் பெற்ற எஸ்.எஸ்.பிள்ளை நம் செங்கோட்டையில் பள்ளிப்படிப்புப் படித்தவர் என்பதில் நமக்குப் பெருமை.)

ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், மொத்தம் அவற்றின் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு மாறும். வித்தியாசம் 5 என்றால் மாற்றம் 10, காவலாள் ஏமாந்துவிடுவான். 05-50, 16-61, 27-72, 38-83, 49-94 ஆகிய ஐந்து ஜோடிகளும் இவ்வகைதான். போதாக்குறைக்கு, சில பில்லிங் சாப்ட்வேர்கள் இந்தச் சோதனையையே செய்வதில்லை. எந்த எண்ணை அடித்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. வாங்கும்போதே ஒரு தவறான எண்ணை அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று வாடிக்கையாளர்கள் வாதிடுவார்கள். அப்படியல்ல. 1996-இல் தொடங்கிய ஜிஎஸ்1 இந்தியா அமைப்பிடம் அந்தக் கம்பெனி எண் வாங்கியிருக்கிறது, அவ்வளவே. சரக்கு எங்கே தயாரானது என்பதை லேபிளில்தான் பார்க்க வேண்டும்.

புதுச் சரக்கைப் பதிவு செய்யும்போதே ஸ்கேனரால் படியுங்கள். கோடு கசங்கியிருந்தால் அதே சரக்கில் வேறு பாக்கெட்டை எடுங்கள். கையால் அடித்தே தீரவேண்டுமானால் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். நம் உறுப்பினர் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கி இருப்பை நேர்செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் கடைக்குள் உட்கார வேண்டியதாயிற்று.