வொய்வொடா

வொய்வொடா என்பது செர்பியப் படைத்தலைவர்களின் மரபுவழிப் பட்டமாகும். படையை நடத்திச் செல்பவர் என்பது இந்த சிலாவியச் சொல்லின் பொருள். இப்பட்டம் இரு வேறு நிலைகளைக் குறித்ததால், அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

செர்பிய இராச்சியத்தின் படைத்துறையில் இதுவே மிக உயர்ந்த தரநிலை. 1912 இல் குமானோவோ சமரின் பின்னர் ராதோமிர் புட்னிக் இதனை முதலாவதாகப் பெற்றார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உதுமானியர் ஆட்சியிலிருந்த மக்கெடோனியாவில் போரிட்ட செட்னிக் எனப்படும் கரந்தடிப் படைக்குழுக்களின் தலைவர்களும் வொய்வொடா என்றே அழைக்கப்பட்டனர். யோவான் பாபுன்ஸ்கி, வொயின் பொப்போவிச் ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கோர்.

இரண்டாம் உலகப் போர்க்கால செட்னிக் தளபதி மொம்ச்சிலோ ஜூயிச், 1989 இல் அரசியல்வாதி வொயிஸ்லாவ் ஷெஷெலுக்கு இப்பட்டத்தை வழங்கினார். இது அரசு வழங்கிய தரநிலை அன்று. மானுடத்திற்கு எதிரான குற்றங்களுக்காக ஷெஷெலுக்குப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று 2018 இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.